அக்மேதாவில் கிடைத்த சுருள்

(நம் குடியிருப்பின் மூத்த குடிமக்கள் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் இதே இடத்தில் திருக்குறளைப் பற்றி ஒரு நல்ல உரை கேட்டோம். இந்த மாதம் என் முறை. வேதாகமத்திலிருந்து ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் சொன்னபோது, மலைப் பிரசங்கம், நல்ல சமாரியன் என்று எல்லோரும் அறிந்த ஒன்றைத்தான் எதிர்பார்த்திருப்பார். நான் எடுத்துக்கொண்டது கொஞ்சம் காய்ந்துபோன பகுதி. எஸ்றா என்ற புத்தகத்தின் நான்கு, ஐந்து, ஆறாம் அதிகாரங்கள். முழுக்க முழுக்க அரசாங்கக் கடிதங்கள். சபையில் இந்த அதிகாரங்களை வாசிக்கும்போது பாதிப் பேர் விசிறியைத் தேடுவார்கள். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு மட்டும் இது சொந்த ஊர் மாதிரி. யார் எழுதியது, யாருக்கு, எந்த உத்தரவைக் குறிப்பிட்டு, பதில் என்ன, பழைய ஃபைல் எங்கே என்பதுதான் கதையே.

குறிப்பாக நான் பேச நினைப்பது ஆறாம் அதிகாரத்தின் இரண்டாம் வசனம். அதில் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: மேதியா நாட்டில் அக்மேதா என்ற ஊர் அரண்மனையில் ஒரு சுருள் கிடைத்தது, அதில் ஒரு குறிப்பு எழுதியிருந்தது. இந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் கதையைச் சொல்கிறேன்.

கி.மு. 586-இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேம் ஆலயத்தை இடித்து, அங்கிருந்த பொன், வெள்ளிப் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு, மக்களையும் சிறைபிடித்துப் போனான். பிறகு பாபிலோனைப் பாரசீக அரசன் கோரேஸ் பிடித்தான். ஆங்கிலத்தில் சைரஸ் என்பார்கள். அவன் தன் முதல் ஆண்டிலேயே, கி.மு. 538 வாக்கில், யூதர்கள் ஊர் திரும்பலாம், ஆலயத்தைக் கட்டிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டான். பாத்திரங்களையும் எண்ணித் திருப்பிக் கொடுத்தான். அந்தப் பட்டியல் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. பழக்க தோஷத்தில் நான் கூட்டிப் பார்த்தேன். தனித்தனியாகச் சொன்ன எண்ணிக்கை 2,499 வருகிறது. கீழே மொத்தம் 5,400 என்று போட்டிருக்கிறது. பெரிய பாத்திரங்களை மட்டும் தனியாக எழுதியிருப்பார்கள் என்று சமாதானம் சொல்கிறார்கள். என்னிடம் அந்த வவுச்சர் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்!

ஊர் திரும்பியவர்கள் அஸ்திவாரம் போட்டார்கள். அக்கம்பக்கத்தார் எதிர்ப்பில் வேலை நின்றது. கோரேஸ் இறந்தான். பாரசீகத்தில் ஆட்சி கைமாறியது. தரியு அரசனானான். அவனுடைய முதல் இரண்டு ஆண்டுகளில் திரும்பிய பக்கமெல்லாம் கலகம். பாபிலோனே இரண்டு தடவை எழும்பியது. அந்த நேரத்தில், கி.மு. 520-இல், ஆகாய், சகரியா என்ற இரு தீர்க்கதரிசிகள் ஊக்கப்படுத்த, செருபாபேலும் யெசுவாவும் முன்னின்று கட்டட வேலையை மறுபடி தொடங்கினார்கள்.

அந்தப் பிரதேசத்துக்கு ஆளுநர் தத்னாய் என்பவர். ஐப்பிராத்து நதிக்கு மேற்கே இருந்த நாடுகள் அவர் பொறுப்பு. இவர் கற்பனைப் பாத்திரம் இல்லை. கி.மு. 502-ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு பாபிலோனியக் களிமண் பலகையில் இவர் பெயரும் பதவியும் வருகின்றன. அது ஒரு கடன் பத்திரம். அதில் சாட்சியாக இருப்பவர் இவருடைய பணியாள். புரோநோட்டில் சாட்சி! இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் கழித்து நம்மைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு லோன் பேப்பர் மிஞ்சலாம்.

நாடெங்கும் கலகம் நடக்கும் வேளையில், எருசலேமில் பெரிய பெரிய கல்லாக வைத்துக் கட்டுகிறார்கள் என்று இந்த ஆளுநருக்குச் செய்தி போகிறது. சந்தேகம் வருவது இயல்பு. நேரில் வருகிறார். இதைக் கட்ட யார் அனுமதி கொடுத்தது, உங்கள் பெயர்கள் என்ன என்று கேட்கிறார். அதோடு விசாரணை முடிகிறது. பிறகு அரசனுக்குக் கடிதம் எழுதுகிறார். பதில் வரும் வரை வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. இதை எஸ்றா கடவுளின் கண் மூப்பர்கள் மேல் இருந்ததால் என்று சொல்கிறார். நான் அதை நம்புகிறேன். கூடவே, ஓர் அதிகாரி நினைத்திருந்தால் பதில் வரும் வரை ஒரு கல்லைக்கூட நகர்த்த விடாமல் செய்திருக்கலாம் என்பதையும் நினைத்துக்கொள்கிறேன்.

கடிதத்தில் என்ன எழுதினார்? ஐந்தாம் அதிகாரத்தில் அது முழுதாக இருக்கிறது. நாங்கள் போய்ப் பார்த்தோம். பெரிய கற்களால் கட்டுகிறார்கள். சுவர்களில் மரம் வைக்கிறார்கள். வேலை சுறுசுறுப்பாக நடக்கிறது. இது கண்ணால் கண்டது. அடுத்து, நாங்கள் இன்னின்ன கேட்டோம், அவர்கள் இன்னின்ன சொன்னார்கள். இங்கேதான் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுவேன். கடிதத்தின் பாதிக்கு மேல் யூத மூப்பர்கள் சொன்ன பதில்தான் இருக்கிறது. எங்கள் முன்னோர் கடவுளைக் கோபப்படுத்தினார்கள், அதனால் ஆலயம் இடிந்தது, கோரேஸ் அரசன் உத்தரவு கொடுத்தார், பாத்திரங்களைச் சேஸ்பாத்சார் என்பவரிடம் ஒப்படைத்தார், அன்றிலிருந்து கட்டிக்கொண்டே இருக்கிறோம், இன்னும் முடியவில்லை என்று அவர்கள் சொன்னது அத்தனையும் அப்படியே போகிறது. அவர் குறுக்கே புகுந்து இது பொய், இது சாக்கு என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. முடிவில், அப்படி ஓர் உத்தரவு உண்டா என்று பாபிலோன் கஜானாவில் தேடிப் பார்க்க உத்தரவாகட்டும், உங்கள் விருப்பத்தைத் தெரிவியுங்கள் என்று முடிக்கிறார்.

இதோடு நான்காம் அதிகாரத்தில் இருக்கும் இன்னொரு கடிதத்தைச் சேர்த்து வாசிக்க வேண்டும். புத்தகத்தில் அது முன்னால் வந்தாலும் காலத்தால் பிந்தியது. தரியுவுக்கு வெகு காலம் பிறகு, அர்தசஷ்டா அரசனுக்கு எழுதியது. அது ஆலயத்தைப் பற்றியதும் அல்ல, நகர மதிலைப் பற்றியது. எழுதியவர்கள் ரெகூம் என்ற அதிகாரியும் சிம்சாய் என்ற எழுத்தரும். எழுத்தர் என்றால் என் ஜாதி, அதனால் அவரைக் கவனமாகவே படித்தேன். கூட்டாக அனுப்பியவர்களின் பட்டியலே பெரியது. எந்தெந்த ஊர்க்காரர்கள், எந்தெந்தக் கூட்டத்தார் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். பொதுமக்கள் சார்பாக என்று நாம் மனுவின் அடியில் கையெழுத்து வாங்குவோமே, அதே வேலை. பிறகு எருசலேமைக் கலக ஊர், பொல்லாத ஊர் என்கிறார். இந்த மதில் எழும்பினால் வரி வராது, தீர்வை வராது, கஜானாவுக்கு நஷ்டம் என்கிறார். நாங்கள் அரண்மனை உப்பைத் தின்பவர்கள், அரசருக்கு அவமானம் வருவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்கிறார். உப்பிட்டவரை நினைக்கும் வழக்கம் நம்மிடம் மட்டும் இல்லை போலிருக்கிறது. எதிர்த் தரப்பு என்ன சொன்னது என்று ஒரு வரி இல்லை. உங்கள் முன்னோர் காலத்து ஏடுகளில் தேடினால் இந்த ஊர் கலகம் செய்த ஊர் என்று தெரியும் என்று மட்டும் இருக்கிறது.

தேடினார்கள். தெரிந்தது. ஏட்டில் உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. வேலையை நிறுத்து என்று உத்தரவு வந்தது. ரெகூமும் சிம்சாயும் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓட்டமாக ஓடி, பலவந்தமாக நிறுத்தினார்கள்.

சிம்சாய் பொய் எழுதவில்லை என்பதுதான் என்னை உறுத்துவது. தத்னாயும் ஏட்டைத் தேடச் சொன்னார், சிம்சாயும் ஏட்டைத் தேடச் சொன்னார். ஒருவர் கேட்ட கேள்வி, இந்த ஊர் கெட்ட ஊரா? மற்றவர் கேட்ட கேள்வி, இவர்கள் சொல்வது உண்மையா? ரெக்கார்டு ரூமில் இரண்டுக்கும் பதில் இருந்தது. எந்த அலமாரியைத் திறப்பது என்பதைக் கடிதம் எழுதுகிறவன்தான் முடிவு செய்கிறான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அர்தசஷ்டாவின் உத்தரவில் ஒரு வாசகம் உண்டு: என்னிடமிருந்து மறு உத்தரவு வரும் வரை. வழக்கமாக எல்லா ஆர்டரிலும் போடுவதுதான், யாரும் கவனிப்பதில்லை. ஆனால் பின்னாளில், கி.மு. 445-இல், அதே அரசனிடம் நெகேமியா போய் நின்று மதில் கட்ட அனுமதி கேட்டபோது, கதவு சாத்தப்படாமல் இருந்தது. நெகேமியாவும் வாய்மொழியோடு விடவில்லை. வழியில் உள்ள ஆளுநர்களுக்குத் தனிக் கடிதம், மரம் தர வனக் காவலருக்குத் தனிக் கடிதம் என்று வாங்கிக்கொண்டுதான் புறப்பட்டார். விவரமான மனிதர்.

தத்னாயின் கடிதத்துக்கு வருவோம். தரியு தேட உத்தரவிட்டான். பாபிலோனில் தேடினார்கள். கிடைத்தது பாபிலோனில் அல்ல. பல நூறு மைல் தள்ளி, மலைப் பிரதேசத்தில் இருந்த அக்மேதாவில் கிடைத்தது. கிரேக்கர்கள் எக்பத்தானா என்பார்கள். இன்றைக்கு ஈரானில் ஹமதான் என்ற நகரம். பாரசீக அரசர்கள் கோடையைக் கழிக்கும் ஊர். கோரேஸ் அந்த உத்தரவைப் போட்ட சமயம் கோடை வாசத்தில் இருந்திருக்கலாம், ஃபைல் அங்கேயே தங்கியிருக்கலாம். கேட்டது பாபிலோனில் தேடச் சொல்லித்தான். பாபிலோனில் பார்த்தோம், இல்லை என்று ஒரு வரி எழுதி மூடியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது. பெயர் தெரியாத யாரோ ஓர் எழுத்தர், வேறு எங்கே இருக்கலாம் என்று யோசித்திருக்கிறார்.

இங்கே என் சொந்தக் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1986-இல் நான் வேலை பார்த்த கிளைக்கு ஓர் அம்மா வந்தார். கணவர் இறந்து நான்கு மாதம். "தம்பி, அவரு இந்த பேங்க்லதான் எஃப்.டி. போட்டிருக்காரு. சாகறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொன்னாரு. ரசீதுதான் எங்க வெச்சாருன்னு தெரியல" என்றார். நான் லெட்ஜரைப் பார்த்தேன். சோம்பேறித்தனமாகப் பார்க்கவில்லை, மூன்று வருட லெட்ஜரைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பெயர் இல்லை. எங்கள் கிளையில் அப்படி ஒரு கணக்கு இல்லை என்று டைப் அடித்து, மேனேஜர் கையெழுத்து வாங்கி, டெஸ்பாட்ச் நம்பர் போட்டுக் கொடுத்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாத கடிதம். அந்த அம்மா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

இரண்டரை வருடம் கழித்து, மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி பழைய கடிதங்களைப் புரட்டியபோது அதைப் பார்த்துவிட்டு, இறந்தவர் என்ன வேலை பார்த்தார் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டிருக்கவே இல்லை. ஆள் விட்டு விசாரித்தால், அவர் லாரி டிரைவர், வாரத்தில் மூன்று நாள் பக்கத்து மாவட்டத்தில்தான் இருப்பார் என்று தெரிந்தது. அங்கிருந்த எங்கள் கிளைகள் நான்குக்கு அதிகாரி கடிதம் போட்டார். மூன்றாவது கிளையில் எட்டாயிரம் ரூபாயும் வட்டியும் இருந்தன. நான்கு தபால் கார்டு செலவு. அதற்குள் அந்த அம்மா மகள் கல்யாணத்துக்குக் கந்துவட்டிக்குக் கடன் வாங்கி, வந்த பணம் அந்த வட்டிக்கே சரியாகப் போயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. "அன்னிக்கே சொன்னேனே தம்பி" என்று மட்டும் சொன்னார். "எங்கள் கிளையில் இல்லை" என்று நான் எழுதியதை அவர் "இல்லவே இல்லை" என்று புரிந்துகொண்டிருந்தார். அப்படித்தான் புரிந்துகொள்வார் என்று எனக்கும் அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அதிலிருந்து அக்மேதா என்ற பெயரை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மடித்த கடிதம்தான் ஞாபகம் வரும்.

சரி, சுருளில் என்ன இருந்தது? கோரேஸின் முதல் ஆண்டுக் குறிப்பு. ஆலயம் கட்டப்பட வேண்டும், உயரம் அறுபது முழம், அகலம் அறுபது முழம், மூன்று வரிசை பெரிய கல், ஒரு வரிசை மரம், செலவு அரண்மனையிலிருந்து, பாத்திரங்கள் திரும்பக் கொடுக்கப்பட வேண்டும். நீளம் எழுதவில்லை. படி எடுத்தவர் விட்டுவிட்டாரோ என்னவோ. இதில் எனக்குப் பிடித்த விஷயம், முதல் அதிகாரத்தில் இருக்கும் கோரேஸின் அறிவிப்பும் இந்தக் குறிப்பும் ஒன்றுபோல் இல்லை என்பது. அந்த அறிவிப்பில் கடவுள் பெயர் இருக்கிறது, அழைப்பு இருக்கிறது, அளவு இல்லை, அரண்மனைச் செலவு என்ற பேச்சு இல்லை. இது வேறு, அது வேறு என்று சிலர் குழம்புகிறார்கள். ஆபீசில் இருந்தவர்களுக்குக் குழப்பமே இல்லை. அது ஊருக்குப் போட்ட சர்க்குலர். இது கஜானாவுக்குப் போட்ட சாங்ஷன் நோட்.

தரியுவின் பதில், தத்னாயே, நீங்கள் விலகியிருங்கள், அவர்கள் கட்டட்டும் என்று தொடங்குகிறது. அதோடு விடவில்லை. செலவை உங்கள் பிரதேச வரி வசூலிலிருந்தே கொடுங்கள், பலிக்கு வேண்டிய காளை, ஆட்டுக்கடா, கோதுமை, உப்பு, திராட்சரசம், எண்ணெய் ஆகியவற்றை நாள் தவறாமல் கொடுங்கள் என்கிறது. விசாரிக்க வந்தவர் தலையிலேயே செலவு! தத்னாய் முகம் சுளித்தாரா என்று தெரியாது. அரசன் சொன்னபடியே தாமதமில்லாமல் செய்தார் என்று எழுதியிருக்கிறது. தரியுவின் ஆறாம் ஆண்டு, ஆதார் மாதம் மூன்றாம் தேதி ஆலய வேலை முடிந்தது. கி.மு. 515 என்று கணக்கிடுகிறார்கள்.

எல்லாக் கடிதத்துக்கும் இப்படிப் பதில் வந்துவிடாது. எகிப்தில் நைல் நதியில் எலிஃபண்டைன் என்று ஒரு தீவு, அஸ்வான் பக்கம். அங்கேயும் யூதர்களுக்கு ஓர் ஆலயம் இருந்து, கி.மு. 410-இல் இடிக்கப்பட்டது. மூன்று வருடம் கழித்து, அதை மறுபடி கட்ட உதவும்படி யூதேயாவின் ஆளுநருக்கு அவர்கள் எழுதிய மனுவின் இரண்டு படிகள் பாப்பிரஸ் தாளில் கிடைத்திருக்கின்றன. அதில் அவர்களுடைய மனக்குறை ஒன்று: இதற்கு முன்பும் உங்களுக்கு எழுதினோம், எருசலேம் பிரதான ஆசாரியருக்கும் எழுதினோம், ஒருவரும் பதில் போடவில்லை. நம் சங்கத்திலிருந்து குடிநீர்க் குழாய்க்காக அனுப்பிய ரிமைண்டர்களை நினைத்துக்கொண்டேன். ஆனால் ஆபீஸ் காப்பி வைத்திருந்தார்கள் பாருங்கள். கடைசியில் அவர்களுக்கு அனுமதிக் குறிப்பும் வந்தது; அதுவும் பாப்பிரஸில் இருக்கிறது.

இப்போது நம் வாசலுக்கு வருகிறேன். தெற்கு கேட் பக்கம் வேப்ப மரத்தடியில் நிற்கும் இஸ்திரி வண்டியை அகற்றச் சொல்லி மாநகராட்சிக்கு அனுப்ப ஒரு கடித வரைவு சுற்றில் இருக்கிறது. எனக்கும் வந்தது. நானும் அதில் கையெழுத்துப் போடுவதாக இருந்தேன். கார் திருப்ப இடைஞ்சல் என்பது உண்மை. என் மகனே போன தீபாவளிக்கு வண்டியில் இடித்துவிட்டான். வரைவில் ஆக்கிரமிப்பாளர், சமூக விரோதிகள் கூடும் இடம் என்றெல்லாம் இருக்கிறது. முப்பத்தெட்டுக் கையெழுத்து இருக்கிறது. வண்டிக்காரர் சொன்னது ஒரு வரியும் இல்லை. ஏனென்றால் ஒருவரும் கேட்கவில்லை. சிம்சாயின் கடிதம் என் கைக்கே வந்துவிட்டதுபோல் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை போய்க் கேட்டேன். "எங்க அப்பா காலத்துலேருந்து நிக்கறோம் சார். ஃப்ளாட் கட்டும்போதே இருந்தோம். அப்ப இருந்த செகரெட்டரி சார் இங்க நின்னுக்கன்னு சொல்லி, மீட்டிங்லயும் எழுதினாங்கன்னு அப்பா சொல்லும்" என்றார். கேட் பக்கம் நிற்காமல் மரத்துக்கு அந்தப் பக்கம் தள்ளி நிற்க முடியுமா என்றேன். "அங்க சாக்கடை மூடி உடைஞ்சு கெடக்கு சார், அத சரி பண்ணிக் குடுத்தா நாளைக்கே நகத்திக்கறேன்" என்றார். அந்த மூடியைப் பற்றியும் நாம் மாநகராட்சிக்கு எழுதியதில்லை.

பழைய மினிட்ஸ் புத்தகங்களைச் சங்க அலமாரியில் தேடினேன். 2003-இலிருந்து இருக்கிறது. அதற்கு முந்தையது இல்லை. முதல் செயலாளர் காலமாகிவிட்டார். அவர் மகள் பெங்களூரில் இருக்கிறார், அப்பாவின் பேப்பர்கள் ஒரு டிரங்குப் பெட்டியில் இருப்பதாகப் போனில் சொன்னார். பொங்கலுக்கு வரும்போது பார்க்கிறேன் என்றார். அதில் தீர்மானம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் வண்டி அங்கேயே நிற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. அதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

வண்டிக்காரர் சொன்னதை ஒரு பக்கத்தில் எழுதி, அவரிடம் வாசித்துக் காட்டி, கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன். செயலாளர் அவர்களிடம் இப்போதே கொடுத்துவிடுகிறேன். வரைவோடு இணைப்பாக இதுவும் போனால், என் கையெழுத்து முப்பத்தொன்பதாவதாக இருக்கும்.